பதினாறு கேடயங்களில் ஒரே கோடு

அன்று கண்காட்சிக் கூடத்தில் அந்த மேசையைச் சுற்றி நின்றவர்கள் ஐந்து பேர்: நான், என் தங்கை, என் மனைவி, மனைவியின் தம்பி, நடுவராக வந்த ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர். வேறு யாரும் இல்லை. தாங்களும் பார்த்ததாக இப்போது சொல்கிறவர்கள் அப்போது தேநீர் வரிசையில் நின்றார்கள்.

என் தங்கை மாதிரிப் போர்க்கப்பல்களுக்கு விமான எதிர்ப்புப் பீரங்கி செய்கிறவள். கடையில் விற்கும் பொட்டலத்தைப் பிரித்து ஒட்டுவதல்ல. மருந்து ஏற்றும் ஊசிதான் குழல். பால்மாவு டப்பாத் தகடுதான் கேடயம். குறிபார்க்கும் வளையம் மெல்லிய செப்புக் கம்பி. முழுப் பீரங்கியும் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஒன்றைச் செய்ய நான்கு நாள்.

போன வருடம் அவள் செய்த ஆறு பீரங்கிகளை மச்சினன், "சும்மா பாத்துட்டுத் தரேங்க்கா" என்று வாங்கிப்போய், தன் மாதிரிக் கப்பலில் ஒட்டி, இதே கண்காட்சிப் போட்டியில் கோப்பை வாங்கினான். பரிசளிப்பின்போது நான் கேட்டதற்கு, சபையில் எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அக்காவுக்கு ஊசியில நூல் கோக்கவே ஆள் வேணும். பீரங்கி செஞ்சாங்களாம்!"

சபையும் சிரித்தது. வீட்டுக்கு வந்ததும் தங்கை இடுக்கியைத் துடைத்து டப்பாவில் போட்டு மூடினாள். எங்கள் குடும்பத்தாரைப் பொய்யர் என்று சொல்லிவிட்டு எவரும் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்ததில்லை. எட்டு மாதம் பொறுத்தேன்.

"ஒண்ணே ஒண்ணு செய்," என்றேன்.

"எதுக்குண்ணா?"

"எனக்கு."

செய்தாள். என் மீசையிலிருந்து ஒரு நரைமுடியைப் பிடுங்கினேன். நுனி தூண்டில் முள்போல வளைந்திருந்தது. கேடயத்தின் உட்புறத்தில் அதை ஒட்டி, மேலே சாம்பல் வண்ணம் பூசச் சொன்னேன். அத்தனை மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

"மீசையவே பணயம் வச்சிட்டீங்களே!"

பீரங்கியை மச்சினன் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு நேரே அலமாரியில் வைத்தேன். அவன் வந்துபோன அன்றே காணவில்லை. அடுத்த வாரம் வந்துபோனபின் அதே இடத்தில் இருந்தது. அடியில் அச்சு எடுக்கும் ரப்பர் பிசிறு. துடைத்து வைக்கக்கூடத் துப்பில்லாத திருடன்.

இந்த வருடம் அவன் கப்பலில் பதினாறு பீரங்கிகள்.

"எல்லாமே கையால செஞ்சதா?" என்றார் நடுவர்.

"ஒவ்வொண்ணும் தனித்தனியா, சார். ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது."

நான் உருப்பெருக்கிக் கண்ணாடியை நீட்டினேன். "கேடயத்துக்கு உள்பக்கம் பாருங்க."

முதலாவதில் ஒரு கோடு, நுனியில் வளைவு. இரண்டாவதில் அதே கோடு, அதே வளைவு. மனிதர் அவசரப்படவில்லை. பதினாறையும் பார்த்தார். தங்கை கைப்பையிலிருந்து தன் பீரங்கியை எடுத்து, ஊசிமுனையால் வண்ணத்தைச் சுரண்டினாள். முடி நிமிர்ந்து நின்றது.

"இதுல அச்செடுத்து வார்த்திருக்கீங்க," என்றார் நடுவர்.

மச்சினன் என் பக்கம் குனிந்தான். "அத்தான், குடும்பத்துக்குள்ள பேசித் தீத்துக்கலாமே."

"சபையில ஆரம்பிச்சது நீதானே, மாப்ளே? சபையிலயே முடியட்டும்."

ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொன்னேன். அறிவித்தார்கள். செய்தவள் பெயரையும் சேர்த்து, இரண்டு தடவை.

என் மனைவி தன் தம்பியிடம் ஒன்றுதான் சொன்னாள்: "போன வருஷக் கோப்பையைத் துடைச்சு வை. நானே வந்து எடுத்துக்கறேன்."

அவன்மேல் இரக்கம் வரவில்லையா என்று கேட்கிறார்கள். வரவில்லை.

அந்த முடி எங்கள் வீட்டுப் பூனையுடையது, தற்செயலாக ஒட்டிக்கொண்டது என்று அவன் சொல்லித் திரிவதாகக் கேள்வி.

எங்கள் வீட்டில் பூனை கிடையாது.