இடுப்பளவில் ஒரு கோடு

முப்பத்தாறு இஞ்ச் பார் கிடைக்கவில்லை என்று கணவன் ஷாஜி போனில் சொன்னபோது லேகா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மெஷின் வாளில் சங்கிலி சுற்றி ஓடுகிற நீளத் தகட்டைத்தான் பார் என்பார்கள். மரம் எவ்வளவு தடிமனோ அதற்குத் தக்கபடி பாரும் நீள வேண்டும். ஷாஜியிடம் சொந்தமாக இருந்தது பதினெட்டு இஞ்ச். ரப்பர் வெட்ட அது போதும். பாறசாலையைச் சுற்றி, பால் வற்றிய ரப்பர் தோட்டங்களை அதை வைத்துத்தான் அவன் மொட்டை அடித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் பின்னால் நின்ற அயனி மரம் வேறு சங்கதி. அதன் மூடு என்கிற அடிமரத்தை இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது.

"உங்க மிஷின்லயே பெரிய பாரைப் போட்டா ஆகாதா?" என்று கேட்டாள்.

"ஆகாது. இஞ்சின் இழுக்காது. பாதி மரத்துல இறுகி நின்னுதுன்னா நம்ம காரியம் தீந்து. நெய்யாற்றின்கரையில ஒரு பெரிய மிஷின் வாடகைக்கு உண்டு, முப்பது இஞ்சு பாரு. முப்பத்தாறு குளத்தூருக்கு வேலைக்குப் போயிட்டு."

"முப்பது போதுமா?"

"மூட்டுல எட்டாது. வேர் பரந்து கிடக்குல்லா. கொஞ்சம் மேல, இடுப்பளவுல வெட்டினா எட்டும். நாளைக்குக் காலையில தள்ளிரலாம்."

இடுப்பளவு என்ற சொல் லேகாவைச் சும்மா இருக்கவிடவில்லை. போனை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் நின்றாள்.

அந்த மரத்தில் ஓர் ஆணி இருந்தது. அப்பா திடீரென்று போய்ச் சேர்ந்த வருடம் லேகா தூங்காமல் கிடந்தாள், கேட்டதற்கு மேல் பேசினாள், சில நாள் பேசவே இல்லை. இந்தக் காலமாக இருந்தால் ஒரு டாக்டரிடம் காட்டியிருப்பார்கள். அன்றைக்கு காட்டாக்கடைப் பக்கமிருந்து ஒரு மந்திரவாதி வந்தார். அவளை அயனியில் சாய்த்து நிறுத்தி, உச்சியில் ஒரு கொத்து முடியை எடுத்து ஆணியில் சுற்றி, மரத்தில் அடித்து இறக்கி, முடியைக் கத்தியால் அறுத்துவிட்டார். பிடித்தது எதுவோ அது மரத்தோடு போயிற்று என்றார். போயிற்றோ இல்லையோ, ஆணி மரத்தில் இருந்தது. பட்டை அதை மூடி வளர்ந்து, தொப்புள் போல ஒரு சுழி மட்டும் மிஞ்சியிருந்தது.

பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பார்த்தார்கள், முடியைப் பார்த்தார்கள், நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். மரத்தைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. "பெண்ணுக்கு ஒண்ணும் இல்லியே?" என்று தரகர் கேட்டதற்கு அம்மா பகவதி மேல் ஆணையிட்டு, ஒன்றும் இல்லை என்றாள். அம்மாவும் போன பிறகு ஷாஜியும் லேகாவும் இந்த வீட்டுக்கே குடிவந்தார்கள். ஆணி அவள் தலை உயரத்தில் இருந்தது. மரம் வெட்டுபவர்கள் மூட்டில்தான் வெட்டுவார்கள் என்பதால் அவளுக்கு இத்தனை நாளும் ஒரு தைரியம் இருந்தது.

ஆனால் மூன்று வருடம் முன்பு வீட்டைப் புதுக்கியபோது பின்முற்றத்தில் மண் அடித்து உயர்த்தியிருந்தார்கள். அதை அவள் மறந்தே போயிருந்தாள். இப்போது பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். தலைக்கு நேரே இருந்த சுழி இடுப்புக்கு இறங்கி வந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஷாஜியிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்கு பிந்துவைத் தெரியாது. பிந்து ஷாஜியின் அண்ணன் பெண்டாட்டி. அவளுக்கும் கல்யாணத்துக்கு முன்னால் ஆணி அடித்த கதை உண்டு என்று தெரியவந்த அன்றே அவளை ஒரு ஜீப்பில் ஏற்றி, பெட்டியோடு அவள் வீட்டில் கொண்டு விட்டுவிட்டார்கள். ஜீப்பை ஓட்டியது ஷாஜி. திரும்பி வந்து கை கழுவிக்கொண்டே, "சுகக்கேடு யாருக்கும் வரும் லேகா. மறைச்சு வச்சாளே, அதாக்கும் தப்பு" என்றான். அவன் நல்லவன்தான். அந்த நல்லவன் வாயிலிருந்து வந்த சொல் என்பதால்தான் அது அவளை விட்டுப் போகவில்லை. முதல் வருடமே சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். இப்போது சொன்னால் சேர்ந்து வாழ்ந்த காலம் முழுவதும் பொய் என்று ஆகிவிடும்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். போன வருடம் ஷாஜியின் கூட்டாளி ராஜன் ஒரு பலாவை வெட்டும்போது சங்கிலி ஆணியில் பட்டு அறுந்தது. ராஜனின் தாடையைக் கிழித்துக்கொண்டு போனது. ஒரு விரல் தள்ளியிருந்தால் கழுத்து. ரத்தத்தில் நனைந்த சட்டையோடு வந்து நின்ற ஷாஜியைப் பார்த்து, அவனுக்குத்தான் அடிபட்டது என்று நினைத்து அவள் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கம் ஓடிவந்தது. அதற்குப் பிறகு அவன் எந்த வீட்டுக்குப் போனாலும் மெஷினைத் தொடும் முன் கேட்பான்: "ஆணி உண்டா? வெக்கப்படாம சொல்லிருங்கோ." கேட்டால் யாரும் கோபப்படுவதில்லை. இந்தப் பக்கத்தில் பழைய மரம் என்றால் ஆணி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கேட்டால் சொல்லிவிடுவேன் என்று லேகா அன்றிரவு தனக்குத் தானே முடிவு செய்துகொண்டாள்.

காலையில் பெரிய மெஷின் வந்தது. வடம் கட்ட மெல்பின் வந்தான். கடற்கரைக்காரன், கயிற்றில் அவன் போட்ட முடிச்சு அவன் சொன்னால்தான் அவிழும். மரம் இயல்பாகச் சாய்ந்திருந்தது பக்கத்து வீட்டு ஞானபாயின் ஓட்டுக்கூரை மேல். எடவப்பாதிப் பருவமழைக்கு முன்னால் இதை வெட்டாவிட்டால் பஞ்சாயத்தில் போய் உட்கார்வேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான். இப்போது ரேஷன் கார்டை ஒரு கையிலும் கோழியை மறு கையிலுமாக வைத்துக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றாள்.

ஷாஜி மரத்தை நாலு தடவை சுற்றி வந்தான். மரச்சீனிக் கிழங்கு நட்டிருந்த பக்கம் விழ வேண்டும் என்று கை காட்டினான். மெல்பின் மேலே ஏறி வடத்தைக் கட்டி, மறு நுனியைத் தூரத்துத் தென்னையில் சுற்றி இழுத்துப் பிடித்தான். வெட்டியதும் தான் விலகி ஓட வேண்டிய வழியை ஷாஜி காலாலேயே சுத்தம் செய்தான். கிடந்த ஓலையை எடுத்து எறிந்தான், ஒரு கல்லைப் புரட்டிப் போட்டான். பிறகு சுண்ணாம்புக் கட்டியால் மரத்தைச் சுற்றி இடுப்பளவில் ஒரு கோடு இழுத்தான். கோடு சுழிக்குக் கொஞ்சம் கீழே ஓடியது. ஆணி உள்ளே எந்தச் சரிவில் இறங்கியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? லேகா ஒரு தட்டில் கட்டன் சாயா எடுத்துக்கொண்டு வந்தாள்.

மெல்பின் சாயாவை எடுத்துக்கொண்டே கேட்டான்: "அண்ணா, ஆணி பாத்தியளா?"

ஷாஜி சிரித்தான். "எலே, இது என் வீடாக்கும். சொந்தப் பெண்டாட்டிகிட்ட போயி ஆணி உண்டான்னு கேக்கச் சொல்லுதியா? பொறவு எனக்கு யாரு சோறு போடுவா?"

ஊரெல்லாம் கேட்ட கேள்வியைச் சொந்த வீட்டில் கேட்கக் கூடாது என்பது அவன் மரியாதை. அவளை அப்படி நினைத்தும் பார்க்கக் கூடாது என்று வைத்திருந்தான். லேகா வாயைத் திறந்தாள். "சீனி போதுமா?" என்று கேட்டாள். போதும் என்றார்கள். தட்டை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தபோது தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மெஷின் உறுமியது. முதலில் மரச்சீனிப் பக்கமாக, மரம் வாய் பிளந்தது போல ஓர் ஆழமான வெட்டு. மஞ்சள் தூள் பறந்து அவன் பூட்ஸை மூடியது. சத்தம் கொஞ்சம் மாறினாலும் லேகா அவன் கழுத்தைப் பார்த்தாள். வெட்டிய துண்டைக் காலால் தள்ளிவிட்டு அவன் பின்பக்கம் போனான், சுழி இருந்த பக்கம். அங்கிருந்து கோட்டின் மேல் வெட்டிக்கொண்டே வந்து, நடுவில் மூன்று விரல் கனம் விட்டுவிடுவான். அந்தக் கனம்தான் மரத்தைத் திரும்பவிடாமல் பிடித்து, சொன்ன பக்கம் சாய்க்கும். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். மெஷின்காரன் பெண்டாட்டிக்குத் தெரியாமல் இருக்காது. ஓடுகிற மெஷினுக்குப் பின்னால் போய் ஆளைத் தொடக் கூடாது, முன்னால் வந்து கை காட்ட வேண்டும் என்பதும் தெரியும்.

முன்னால் என்றால் மரச்சீனித் தோட்டம். வாய் பிளந்த மரத்துக்கு நேரே, அது விழப்போகிற இடம்.

தட்டு கையிலிருந்து விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை. கிழங்குச் செடிகளை மிதித்துக்கொண்டு ஓடி, மரத்துக்கு நேரே நின்று இரண்டு கையையும் தூக்கினாள். "எக்கோ, மாறு!" என்று மெல்பின் தென்னையருகே இருந்து அலறினான். ஷாஜி நிமிர்ந்தான். பட்டையைத் தொட இருந்த சங்கிலி நின்றது.

"சாவணுமா உனக்கு?" அவன் ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்தான். "எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! மாறி நில்லு!"

"ஆணி உண்டு" என்றாள் லேகா.

"என்னது?"

"மரத்துல ஆணி உண்டு. நீங்க நிக்கிய பக்கம். மண்ணு போட்டதுல கீழ வந்துட்டு."

ஷாஜி மரத்தைப் பார்த்தான். "யாருக்கு அடிச்சது?"

ரோட்டோரம் ஞானபாய் நின்றாள். மெல்பின் வடத்தைப் பிடித்தபடி நின்றான். யாரும் கேட்காத இடத்தில் சொல்ல வேண்டும் என்று இத்தனை காலம் அவள் ஆசைப்பட்டிருந்தாள். "எனக்கு அடிச்சதாக்கும்" என்றாள். "கல்யாணத்துக்கு முன்ன. அம்மை மறைச்சு வச்சா. பொறவு நானும் மறைச்சேன்."

அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெட்டுக்கத்தியை எடுத்துச் சுழியின் மேல் பட்டையைச் செதுக்கினான். கொஞ்ச நேரத்தில் கறுத்த மரம் தெரிந்தது, அதன் நடுவில் ஆணியின் தலை. கோட்டுக்கு நாலு விரல் மேலே, நேராக இறங்கியிருந்தது.

"இதுல பார் பட்டிருக்காது" என்றான் ஷாஜி, யாரிடம் என்று இல்லாமல்.

லேகா வாயைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் மரம் விழுந்திருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது. ஊர் பார்க்கத் தன் குடும்பத்தைத் தானே வெட்டிப் போட்டுவிட்டாள். பிந்துவின் பெட்டி அவளுக்குக் கண்முன்னே தெரிந்தது.

ஆனால் ஓர் ஆணியைக் கண்டால் மரத்தை முழுக்கப் பார்ப்பது ஷாஜியின் பழக்கம். முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் கை தன் வேலையைச் செய்தது. கோட்டோடு சேர்த்துப் பட்டையைச் செதுக்கிக்கொண்டே போனான். ஒரு முழம் தள்ளி மறுபடியும் கறுப்பு தெரிந்தது. இன்னும் ஆழமாகக் கொத்தினான். இரும்பில் இரும்பு பட்ட சத்தம் கேட்டது. வெளியே ஒரு தழும்பும் இல்லாமல் மரம் விழுங்கிவிட்டிருந்த பழைய ஆணி. சுண்ணாம்புக் கோடு அதன் மேல்தான் ஓடியது.

அவன் வெட்டுக்கத்தியைத் தாழ்த்தினான். "சங்கிலி நேரே வந்து இதுலதான் விழுந்திருக்கும்" என்றான். பிறகு அவளைப் பார்த்தான். "ஒண்ணுன்னுதானே சொன்னே?"

"எனக்கு ஒண்ணுதான்."

"அப்பம் இது?"

ஞானபாய் எப்போது பக்கத்தில் வந்தாள் என்று தெரியவில்லை. கோழியை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டு ஆணியையும் மாறி மாறிப் பார்த்தாள். "உன் அம்மை உன்னைக்காட்டியும் நாலு விரல் குட்டைல்லா, மக்கா" என்றாள்.

லேகாவின் கை தானாக உச்சிக்குப் போயிற்று. அன்றைக்கு அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு காதில் சொன்னது ஞாபகம் வந்தது. மூணாவது அடி வரைக்கும்தான் வலிக்கும் மக்கா, பொறவு தெரியாது. சும்மா சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்திருந்தாள். அவளுக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. தனக்காக அல்ல. யாரிடமும் சொல்லாமலே போய்விட்ட அந்தக் குட்டைப் பெண்ணுக்காக அழுதாள்.

ஷாஜி குறடு எடுத்துவரச் சொல்லி, உளியால் சுற்றிலும் தோண்டி, இரண்டு ஆணியையும் பிடுங்கினான். மெல்பின் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். ஷாஜி அவற்றை லேகாவின் கையில் வைத்தான். "கண்ட இடத்துல போட்டிராதே, காலுல குத்தும்" என்றான். கொஞ்சம் நின்று, குரலைத் தாழ்த்தி, "பிந்துவைக் கொண்டு விட்ட அன்னைக்கு நீ சோறு தின்னல்ல. தலைவேதனைன்னு சொன்னே" என்றான்.

"ஆமா."

"ஜீப்பை நானாக்கும் ஓட்டினது" என்றான். பிறகு ஹெல்மெட்டைத் தேடி எடுத்தான். "ரோட்டுக்குப் போ. நான் சொல்லாம வராதே."

அவள் போனாள். மெஷின் மறுபடியும் உறுமியது. இந்தத் தடவை சத்தம் மாறவில்லை. வடம் முறுகியது, மரம் ஒரு கணம் யோசித்தது போல நின்று, பிறகு மரச்சீனித் தோட்டத்தில் முழு நீளத்துக்கும் விழுந்தது. ஷாஜி தான் சுத்தம் செய்து வைத்த வழியிலேயே விலகி ஓடி, தூரத்தில் நின்று கையை உயர்த்திக் காட்டினான். ஞானபாயின் கூரையில் ஓர் ஓடு அசையவில்லை.

அவன் தன்னை மன்னிப்பானா என்று லேகாவுக்குத் தெரியாது. இன்றைக்கு ராத்திரி தெரியலாம், பல வருடம் தெரியாமலும் போகலாம். உயிரோடு கை காட்டிக்கொண்டு நிற்கிறான், அது போதும். அவள் உள்ளங்கையில் இரண்டு ஆணியும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. மூணாவது அடிக்குப் பொறவும் வலிக்குது அம்மா என்று சொல்ல அவளுக்கு இப்போது அம்மா வேண்டும் போலிருந்தது.