மோனிஷாவுக்குப் பாயிண்ட் இல்லை

சரிதாவுக்கு எதைப் பார்த்தும் குமட்டாது என்று ஆஸ்பத்திரியில் ஒரு பேர் உண்டு. சேலத்தில் பெரிய தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் பத்து வருஷமாக ஸ்டாஃப் நர்ஸ். சர்க்கரை வியாதியில் அழுகிய காலுக்குக் கட்டு மாற்ற வேண்டுமென்றால் புதுப் பெண்கள் அவளைத்தான் தேடி வருவார்கள். கட்டைப் பிரித்து, சீழை வழித்து, நோயாளியிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே வேலையை முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நேராகப் போய் டிபன் பாக்ஸைத் திறப்பாள். அப்படிப்பட்டவளுக்கு அந்த ஆவணி மாதம் சோற்றில் கை வைத்தாலே ஓங்கரிப்பு வந்தது.

"என்ன சிஸ்டர், விசேஷமா?" என்று கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். விசேஷம் ஒன்றும் இல்லை. நடந்தது வேறு.

ஆஸ்திரேலியா யோசனை முதலில் சரிதாவுடையதுதான். அவளோடு நர்சிங் படித்த ஒருத்தி அங்கே போய்ச் சேர்ந்து, ஒரு நாள் போனில், "உன்ற புள்ள மாதிரி கொழந்தைங்களுக்கு இங்க பள்ளிக்கூடத்துலயே தனி டீச்சர் சரிதா. யாரும் ஒரு மாதிரி பாக்கறதில்ல" என்றாள். அந்தப் பேச்சு சரிதாவின் மனசில் ஒட்டிக்கொண்டது.

மோனிஷாவுக்கு ஆறு வயது. டவுன் சிண்ட்ரோம். பிறந்த அன்றைக்கே கண்ணின் சாய்வையும் கழுத்துக்குப் பின்னால் மடிந்திருந்த தோலையும் பார்த்து, டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே சரிதாவுக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளை மூன்று வயதில் நடந்தாள். நாலரை வயதில்தான் 'அம்மா' என்று கூப்பிட்டாள். ராசிபுரத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு டீச்சரம்மாவிடம் வாரம் தவறாமல் தூக்கிக்கொண்டு போய், கண்ணாடி முன்னால் உட்கார வைத்து, உதட்டை விரலால் சேர்த்துப் பிடித்து, 'ம்' வரவழைக்கவே ஒரு வருஷம் ஆனது. அந்த வார்த்தை வந்த நாளில் சரிதா டூட்டிக்குப் போகவில்லை. நூறு தடவை கூப்பிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கணவன் காளிதாஸ் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் சூப்பர்வைசர். புதுச்சத்திரத்தில் சொந்த வீடு. அவனுக்கு ஆஸ்திரேலியா முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு பைத்தியமாகப் பிடித்தது. டூட்டி முடிந்து வந்து சரிதா இங்கிலீஷ் பரீட்சைக்குப் படித்தபோது அவனே சோறாக்கினான். அதை அவள் மறுக்கமாட்டாள். அங்கே குடியேற விசா கேட்பவர்களுக்குப் பாயிண்ட் போடுவார்கள். வயதுக்கு முப்பது, இங்கிலீஷுக்கு இருபது, பட்டத்துக்குப் பதினைந்து, வேலை பார்த்த வருஷங்களுக்குப் பதினைந்து. காளிதாஸ் மூன்றாவது தடவை முட்டி மோதி இங்கிலீஷில் தேறியதில் இன்னும் ஐந்து. ஆக எண்பத்தைந்து பாயிண்ட். விண்ணப்பிக்கலாம் என்று அழைப்பு வந்த அன்றைக்குப் பட்டறை முழுக்க அவன் மைசூர்பாகு கொடுத்தான். டீக்கடையில் அவனை 'ஆஸ்திரேலியாக்காரர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவனும் திரும்பிப் பார்த்தான்.

எல்லா வேலையையும் பார்த்தவர் முருகானந்தம் என்ற ஏஜெண்ட். சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் மாடியில் ஆபீஸ். சுவரில் கங்காரு, வாசலில் விநாயகர். அதுவரை மோனிஷா அவருக்கு ஒரு பேரும் பிறந்த தேதியும்தான். அழைப்பு வந்தபின் அவரைப் பார்க்கப் போன அன்றைக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பெண் ஊரில் இல்லாததால் கூடவே கூட்டிப் போயிருந்தார்கள்.

மோனிஷாவுக்குப் புது ஆள் என்றால் சந்தோஷம். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். உதட்டோரம் எச்சில் எப்போதும் கொஞ்சம் இருக்கும். முருகானந்தம் கையை மெல்ல உருவிக்கொண்டார். மேஜையிலிருந்த சானிடைசரை எடுத்து, இரண்டு கையிலும் தேய்த்து, விரல் இடுக்குவரை துடைத்தார். அப்புறம்தான் சரிதாவின் முகத்தைப் பார்த்தார்.

"இதைய ஏன் சார் மொதல்லயே சொல்லல?" என்று காளிதாஸைக் கேட்டார்.

"நீங்க கேக்கலீங்களே."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு விளக்கினார். பாயிண்ட் எல்லாம் அருமை. ஆனால் இனி மெடிக்கல். குடும்பத்தில் எல்லாருக்கும் உண்டு. இந்தக் குழந்தைக்கு ஆயுசு பூராவும் அவர்கள் கவர்ன்மெண்டுக்கு என்ன செலவாகும் என்று கணக்குப் போடுவார்கள். அந்த வரம்பைத் தாண்டினால் மூன்று பேருக்கும் சேர்த்து விசா இல்லை.

"இங்க விட்டுட்டுப் போறதா சொன்னா?" என்றான் காளிதாஸ்.

அவன் அதை அவ்வளவு சீக்கிரம் கேட்டது சரிதாவுக்குச் சுருக்கென்றது.

"விட்டுட்டுப் போனாலும் உங்க குழந்தை உங்க குழந்தைதான சார்? அதுக்கும் மெடிக்கல் கேப்பான்." முருகானந்தம் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. சொந்தத்துல யாராச்சும் குழந்தை இல்லாதவங்க இருந்தா தத்துப் பத்திரம் ரிஜிஸ்தர் பண்ணிரலாம். ரொம்ப நாளா அங்கயே வளருதுன்னு நாலு போட்டோ, வீடியோ. சட்டப்படி உங்க புள்ள இல்லைன்னு ஆயிட்டா ஃபைல்ல ரெண்டே பேர்தான். க்ளீன். நான் இப்படிப் பண்ணிக் குடுத்திருக்கேன் மேடம், பயப்படாதீங்க."

க்ளீன். அந்த வார்த்தையை அவர் சொன்னபோது சானிடைசர் வாடை இன்னும் மேஜைமேல் இருந்தது.

சரிதா எழுந்திருக்க வேண்டும். அந்த இடத்திலேயே அந்த மனுஷனை நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். ஆனால் அத்தனை வருஷப் படிப்பும், விடியற்காலையில் எழுந்து எழுதிய பரீட்சைகளும் அவளைப் பிடித்து உட்கார வைத்தன. அவள் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"அப்புறம் திருப்பிக் கூட்டிக்க முடியுங்களா?"

சொன்ன மறு நொடியே நாக்கில் ஏதோ கெட்டுப்போனதைத் தின்ற மாதிரி இருந்தது. முருகானந்தம் சிரித்தார். "மொதல்ல போங்க மேடம். அப்புறம் பாக்கலாம்."

பஸ்ஸில் மோனிஷா அவள் மடியில் தூங்கிப்போனாள். காளிதாஸ் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தான். அவனுக்கும் வெட்கமாக இருக்கிறது என்று சரிதா நினைத்துக்கொண்டாள். மறுநாள், "அந்தாள் சொன்னது நமக்கு வேண்டாங்க" என்றாள். "செரி செரி, பாக்கலாம்" என்றான். அத்தோடு முடிந்தது என்று இருந்தாள்.

காளிதாஸின் அக்கா ரஞ்சிதா அயோத்தியாப்பட்டணத்தில் இருந்தாள். அவள் புருஷன் சின்னராஜ் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. சரிதாவுக்கு ஞாயிற்றுக்கிழமை டூட்டி விழும்போதெல்லாம் காளிதாஸ் பிள்ளையை அங்கே கூட்டிப்போக ஆரம்பித்தான். "அக்கா ஆசப்படுது" என்றான். அவள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளையை நாலு பேர் கொஞ்சினால் நல்லதுதானே என்று புதுக் கவுன் எடுத்துப் போட்டு அனுப்பினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபரேஷன் ஒன்று ரத்தானதால் மத்தியானமே விட்டுவிட்டார்கள். சரிதா ஆத்தூர் பஸ் ஏறி அயோத்தியாப்பட்டணத்தில் இறங்கினாள். கதவு திறந்துதான் கிடந்தது. கூடத்துக்குள் காலை வைக்கும்போதே நாத்தனாரின் குரல் கேட்டது.

"யாரு நானு? சொல்லு சாமி. யாரு?"

"அத்த" என்றாள் மோனிஷா.

"அத்த இல்ல. அம்மா. சொல்லு, அம்மா."

சோபாவில் ரஞ்சிதா உட்கார்ந்திருந்தாள். மடியில் மோனிஷா. ரஞ்சிதா கையில் ஒரு லட்டு. அதைப் பிள்ளையின் வாய்க்கு எட்டாமல் உயரத் தூக்கிப் பிடித்திருந்தாள். எதிரில் காளிதாஸ் மண்டியிட்டுப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். சின்னராஜ் நாற்காலியில் பல் குத்திக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

மோனிஷா லட்டைப் பார்த்தாள். உதட்டைச் சேர்த்தாள். டீச்சரம்மா சொல்லிக்கொடுத்த மாதிரியே, சிரமப்பட்டு, "ம்... ம்மா" என்றாள்.

"என்ற தங்கம்!" என்று ரஞ்சிதா லட்டில் ஒரு விள்ளல் கிள்ளி வாயில் வைத்தாள். "இன்னொருக்கா. இங்க பாத்துச் சொல்லு. அம்மா."

"இது நல்லா வந்திருக்குதுக்கா" என்றான் காளிதாஸ். "போன வாரம் எடுத்ததுல அத்தைன்னு உளுந்துருச்சு."

போன வாரம். சரிதா வாசலுக்கு ஓடிச் சாக்கடையோரம் குனிந்தாள். காலையில் குடித்த காபிவரை வெளியே வந்தது. அழுகிய காலிலும் புழு வைத்த புண்ணிலும் வராதது, நாலு பேர் நல்ல துணி உடுத்தி உட்கார்ந்திருந்த கூடத்தைப் பார்த்து வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது காளிதாஸ் போனைப் பைக்குள் போட்டுவிட்டிருந்தான்.

"வெயில்ல வந்தியா புள்ள? உக்காரு, தண்ணி குடி."

"எத்தன வாரமாங்க நடக்குது?"

ரஞ்சிதாதான் பதில் சொன்னாள். "நீ ஒண்ணும் நெனச்சுக்காத சரிதா. நான் ராணியாட்டம் வெச்சுக்குவேன். உங்க ரெண்டு பேருத்துக்காவத்தான் இந்தப் பாடு. இந்தப் புள்ளையால நீங்க இங்கயே கெடந்து என்ன ஆவப் போவுது?"

"அண்ணி, பேருக்குத் தத்துன்னா வீடியோல எதுக்கு அம்மான்னு சொல்லணும்?"

"ஆபீசர் பாத்தா நம்போணுமல்ல?" என்றார் சின்னராஜ், பல்குச்சியை எடுக்காமலே.

காளிதாஸ் எழுந்து அவள் பக்கம் வந்தான். "நீதான கேட்ட? திருப்பிக் கூட்டிக்க முடியுமான்னு நீதான ஆபீசுல கேட்ட? செரின்னுதான் நான் வேலைய ஆரம்பிச்சேன். இப்ப வந்து மொகத்த இப்படி வெச்சுக்கிட்டா எப்படி?"

அவன் சொன்னது பொய் இல்லை. அதனாலேயே அவளுக்கு இன்னும் குமட்டியது. அவன் கை அவள் தோளில் பட்டது. இத்தனை வருஷம் பழகிய கை. ஈரப் பிசுக்கோடு எதுவோ ஊர்ந்த மாதிரி தோளை உதறினாள்.

"ஆமாங்க. நான் கேட்டேன். அந்த வாயக் கழுவிக்க எனக்கு ஒரு வழி தெரியல. உங்களுக்கு அந்த நெனப்பே வரல."

மோனிஷாவை வாங்கிக்கொண்டாள். பிள்ளை லட்டைக் கை நீட்டி அழுதாள். ரஞ்சிதா அந்த மிச்ச லட்டைக் கொடுக்க வந்தபோது சரிதா வாங்காமல் நடந்தாள். பஸ் ஸ்டாப்வரை பிள்ளை அழுகையை நிறுத்தவில்லை.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் எந்த இனிப்பைப் பார்த்தாலும் மோனிஷா 'அம்மா' என்றாள். பேக்கரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, ஜிலேபியைக் காட்டி, அம்மா. ஆஸ்பத்திரியில் யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த மிட்டாயைப் பார்த்து, அம்மா. சரிதா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, உதட்டைச் சேர்த்துப் பிடித்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள். அப்போதுதான் சாப்பாடு அவளுக்கு இறங்காமல் போனது.

முருகானந்தத்தின் ஆபீசுக்குத் தனியாகப் போனாள். மூன்று பேர் பெயரிலும் விண்ணப்பத்தை அனுப்பச் சொன்னாள். பிள்ளைக்கு என்ன என்பதையும் உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னாள்.

"ரிஜெக்ட் ஆகும் மேடம். தெரிஞ்சே பண்றீங்க."

"ஆவட்டுங்க."

காளிதாஸ் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தான். மூன்றாம் நாள், "எல்லாத்தையும் நீயே கெடுக்கற. எதுக்கு இந்த வீம்பு?" என்றான்.

"வேண்டாம்னா அவங்க வாயால சொல்லட்டுங்க. அவங்களுக்கு முன்னால நாம எதுக்குச் சொல்லோணும்?"

கோயம்புத்தூரில் மெடிக்கல் நடந்தது. பரிசோதித்த லேடி டாக்டர் பிள்ளையின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, அதைப் பிள்ளையின் காதிலும் வைத்துக் கேட்கவிட்டார். எழுதும்போது மட்டும் அவர் சரிதாவின் பக்கம் பார்க்கவில்லை.

பல மாதம் கழித்துப் பதில் வந்தது. அங்கிருக்கும் சமூகத்தின் மருத்துவ, பராமரிப்பு வசதிகள்மேல் இந்த விண்ணப்பதாரர் கணிசமான செலவை ஏற்படுத்தக்கூடும் என்று மிக மரியாதையான இங்கிலீஷில் இருந்தது. மோனிஷாவை விண்ணப்பதாரர் என்று எழுதியிருந்தார்கள். சரிதா இரண்டு தடவை படித்தாள். ஒரு வார்த்தைகூடப் புரியாமல் இல்லை. இருபது பாயிண்ட் வாங்கிய இங்கிலீஷ். இதைப் படிக்கத்தான் விடியற்காலையில் எழுந்தேனா என்று நினைத்தபோது, அவள் ஆசைப்பட்ட அந்த ஊரும் சானிடைசர் வாடையடித்தது. ஃபைலை மூடிப் பீரோவுக்கு மேலே போட்டாள்.

டீக்கடையில் ஆஸ்திரேலியாக்காரர் என்று கூப்பிட்டவர்கள் இப்போது வேண்டுமென்றே கூப்பிட்டார்கள். காளிதாஸால் தாங்க முடியவில்லை. பட்டறையில் ஒருவர் மூலம் ஓமனுக்கு வெல்டிங் வேலை வந்தது. அங்கே யார் குடும்பத்தில் யாருக்கு என்ன வியாதி என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் தை பிறந்ததும் போய்விட்டான். பாத்திரம் பண்டம் எடுத்துக் கட்டிக்கொடுத்து, பை தைத்துக்கொடுத்து, எல்லாம் சரிதாதான் செய்தாள்.

ஒரு வருஷம் கழித்து லீவில் வந்தான். மோனிஷாவுக்குப் பாட்டுப் பாடும் பொம்மை வாங்கி வந்திருந்தான். பிள்ளை ஓடிப்போய் அவன் முதுகில் ஏறிக்கொண்டாள். அவளுக்குள் எந்தக் கணக்கும் இல்லை. அவன் கண் கலங்கியது. அது நடிப்பு இல்லை என்று சரிதாவுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அவளுக்குள் எதுவும் அசையவில்லை. அவனுக்குப் படுக்கையை முன் ரூமில் விரித்திருந்தாள். அவன் பார்த்துவிட்டுப் பெட்டியை அங்கேயே வைத்தான்.

இரண்டு நாள் பொறுத்துக் கேட்டான். சரிதா மோனிஷாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் என்ற மேல கோவமா புள்ள?"

அவள் யோசித்துப் பார்த்தாள். உண்மையைச் சொன்னாள்.

"கோவமெல்லாம் போயிருச்சுங்க."

அவன் முகம் தெளிந்தது. கோபம் போன இடத்தில் என்ன கிடக்கிறது என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். பின்னலை முடித்து ரிப்பன் கட்டி, பிள்ளைக்குச் செருப்பு மாட்டிவிட்டாள்.

"நானும் வாரேன்" என்று அவன் எழுந்தான்.

"வேண்டாங்க. டீச்சரம்மாவுக்குப் புது ஆள் வந்தா புடிக்காது" என்று சொல்லிவிட்டு, ராசிபுரம் பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று மோனிஷாவைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.