பத்து நிமிஷக்காரன்

ஏழாவது மாடியில் குடியிருந்த லிப்ட் மெக்கானிக் பதினோரு நாளாகப் படியேறிக்கொண்டிருந்தான். கட்டடத்துக்கு இருந்தது ஒரே லிப்ட். அது மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் திரிசங்கு மாதிரி நின்றுவிட்டது. கீழே கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். கம்பெனி ஆள் வருவார், சிரமத்துக்கு மன்னிக்கவும் என்று. மன்னிப்புக் கேட்டுவிட்டால் முழங்கால் வலிக்காது என்று அங்கே ஒரு நம்பிக்கை.

அரிசியும் பாலும் வெங்காயமும் சுமந்துகொண்டு நான்காவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் அவன் லிப்ட் கதவை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பான். பூட்டு சரியாக விழவில்லை, அவ்வளவுதான் வியாதி. ஊராக இருந்தால் பத்து நிமிஷ வேலை. இங்கே அடுத்தவர் லிப்டைத் தொட்டால் வம்பு வீடு தேடி வரும். பெருமூச்சு விட்டுவிட்டு மிச்சப் படிகளை ஏறுவான்.

ஊரில் அவனுக்குப் பெயரே 'பத்து நிமிஷம்'தான். எந்தக் கட்டடத்திலிருந்து போன் வந்து எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாலும் "பத்து நிமிஷம்" என்பான், சொன்ன சொல் தவறாமல் முடித்தும் கொடுப்பான். சொந்தப் பெயரைக் கல்யாணப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, யாரப்பா இந்த மாப்பிள்ளை என்று கேட்டவர்கள் உண்டு.

அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பின்னால் ஒரு ஒயர் இருந்தது. லிப்ட் கதவு சரியாகப் பூட்டினால்தான் கேபின் நகரும். உயிரைக் காப்பாற்ற அப்படி ஓர் ஏற்பாடு. பூட்டின் இரண்டு முனைக்கும் நடுவில் விரல் நீள ஒயரைக் கொடுத்துவிட்டால், கதவு ஆவென்று திறந்து கிடந்தாலும் லிப்ட் ஓடும். கரண்டை நிறுத்தாமல் கேபின் கூரைமேல் நின்றபடியே ஓட்டிப் பார்த்துக் கோளாறைப் பிடித்துவிடலாம். தப்புத்தான். அந்த வட்டாரத்தில் எல்லோரும் செய்த தப்பு. இவன் மற்றவர்களைவிட வேகமாகச் செய்தான், அதனால் பாராட்டும் வாங்கினான்.

இப்போது அவனிடம் பத்து நிமிஷங்களுக்குப் பஞ்சமே இல்லை. போன வருஷம் இந்த நாட்டுக்கு வந்தான். இரண்டரை மாதத்துக்கு முன் மனைவி வந்து சேர்ந்தாள், ஊரில் பார்த்துக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு. அவள் பெட்டியைப் பிரித்துத் துணி அடுக்கி முடிக்கவில்லை, இவன் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். விசாப்படி வேலை இல்லாமல் தொண்ணூறு நாள் இருக்கலாம். தொண்ணூற்றோராம் நாள் விமானத்தில் இருக்க வேண்டும். அவளுடைய விசாவில் வேலை பார்க்கக் கூடாது என்றே அச்சடித்திருந்தது. எழுபது நாள் போய்விட்டது.

ஒரே அறை. கட்டில், மடக்கு மேஜை, ஒற்றை நாற்காலி. ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தால் மற்றவர் கட்டிலில். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் புகைக்குழாய் முகத்துக்கு நேராக நின்றது. அவன் தினமும் சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டு, சாக்ஸ் வரை மாட்டிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்து விண்ணப்பம் போடுவான். கண்ணாடிகூடத் தன்னை வேலை இல்லாதவன் என்று சொல்லிவிடக் கூடாது என்ற வீராப்பு. பேசினால் சண்டை வருகிறதென்று இருவரும் பேச்சைக் குறைத்தார்கள். அப்புறம் குழாயில் தண்ணீர் சொட்டுவதற்கும் சாக்ஸ் கிடக்கும் இடத்துக்கும்தான் வாய் திறந்தார்கள்.

இரு வீட்டிலும் சொல்லவில்லை. காலையில் மாமியார் போன் செய்து, "மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்பிட்டாரா?" என்பார். "இப்பத்தாம்மா போனார்" என்பாள் இவள். போனவர் அதே கட்டிலில், அவள் முதுகுக்குப் பின்னால், இருமல் வந்துவிடாமல் போர்வையைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார். ஒருநாள் போனை வைத்துவிட்டு அவள் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் போய் அழுகையில் முடிந்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. கட்டிக்கொண்டவளைப் பொய் சொல்ல வைத்துவிட்டோமே என்ற வெட்கம்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை. ஊரில் லிப்ட் பழுதுபார்க்கும் சின்னக் கடை வைத்திருப்பவர், இவனைப் பதினோரு வருஷம் வைத்திருந்த முதலாளி. வாரம் ஒரு முறை கூப்பிடுவார்.

"ஏன்டா அங்க கெடந்து அல்லாடற? சரிப்படலேன்னா வந்துடு. உன் டூல் பை ஆணியில அப்படியே தொங்குது. ஒருத்தனையும் தொட விடல."

"பாக்கலாம்ணே. இன்னும் நாள் இருக்கு."

எழுபத்தோராம் நாள் ஒரு கம்பெனியில் கூப்பிட்டார்கள். ஆளெடுக்க உட்கார்ந்திருந்தது ஒரு அம்மா. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். இடது கையில் இரண்டு விரல்களுக்கு நுனி இல்லை. தொழிலில் போனவை என்று பார்த்ததுமே அவனுக்குப் புரிந்தது. சோதனைக்கென்று வைத்திருந்த லிப்டைக் காட்டி, பழுதைக் கண்டுபிடி என்றார். இங்கே வந்து பழகிய முறைப்படி அவன் முதலில் மெயின் சுவிட்சை அணைத்தான், வேறு யாரும் போட்டுவிடாதபடி அதற்குத் தன் பூட்டைப் போட்டான், தன் படம் ஒட்டிய அட்டையைத் தொங்கவிட்டான், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அதன் பிறகுதான் கதவருகே போனான். நாற்பது நிமிஷம் ஆயிற்று. அந்த அம்மா கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடித்ததும் ஒன்று கேட்டார். கதவுப் பூட்டில் எப்போதாவது ஒயர் போட்டு லிப்டை ஓட்டியதுண்டா?

"இல்லை" என்றான். யோசிக்கக்கூட இல்லை.

நல்லது என்று எழுதிக்கொண்டார். முன்பு வேலை பார்த்த இடத்திலிருந்து ஒருவர் உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், அது மட்டும்தான் பாக்கி என்றார். இங்கிருந்த கம்பெனிதான் மூடிக் கிடக்கிறதே. அண்ணன் நம்பரைக் கொடுத்தான்.

அன்றைக்கு ஏழு மாடியும் மூச்சு வாங்காமல் ஏறினான். மனைவி ரொம்ப நாளைக்குப் பிறகு பாயசம் வைத்தாள். கிண்ணத்தை நீட்டும்போதுதான் கேட்டாள்.

"அண்ணன்கிட்ட என்ன சொல்லணும், என்ன சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டீங்களா?"

"போன் வரும், நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்கன்னேன்."

"அந்த ஒயர் சமாச்சாரம்?"

"அவருக்குப் போய் நான் பாடம் எடுக்கறதா? எனக்குச் சோறு போட்ட மனுஷன். இதைச் சொல்லுங்க, இதை மறைங்கன்னா, என்னடா, என் வாய் மேல உனக்கு நம்பிக்கை இல்லையான்னு நெனைக்க மாட்டாரா?"

"நெனைச்சா நெனைச்சுட்டுப் போறார். பத்தொன்பது நாள்தாங்க இருக்கு."

"அவர் ஊரையே பேசி ஜெயிக்கிறவர்டி. சும்மா இரு."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரியவர்களிடம் இப்படிப் பேசுங்கள் என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை என்பதுதான் உண்மை. வளர்ந்த விதம் அப்படி.

மூன்றாம் நாள் அண்ணனே கூப்பிட்டார். குரலில் கல்யாண வீட்டுக் குஷி.

"பேசிட்டேன்டா! அந்தம்மாதான் கூப்பிட்டுச்சு. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல வெளுத்து வாங்கிட்டேன். நீ நாலு வார்த்தைன்ன, நான் நானூறு சொன்னேன்."

"என்னண்ணே சொன்னீங்க?"

"எல்லாந்தான். பதினோரு வருஷத்துல லீவே போட்டதில்ல, நூத்திமூணு டிகிரி காய்ச்சல்லயும் வந்து லிப்ட் மேல ஏறி நின்னான்னேன். அப்புறம் அந்தக் கல்யாண மண்டபம் ஞாபகம் இருக்கா? பொண்ணு லிப்ட்ல மாட்டிக்கிச்சு, முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம். எவனா இருந்தாலும் கரண்டை நிறுத்து, பூட்டைக் கழட்டுன்னு பொழுதை ஓட்டியிருப்பான். நம்மாளு ஒரு ஒயரைப் போட்டான், மேல நின்னே ஓட்டினான், பத்தே நிமிஷத்துல பொண்ணைக் கொண்டாந்து எறக்கிட்டான்னேன். உன் ராசி ஒயரைப் பத்திக்கூடச் சொன்னேன்டா! அந்தம்மா வாயடைச்சுப் போச்சு. மறுபேச்சே இல்ல. தேங்க்யூன்னு மட்டும் மூணு தடவை சொல்லிச்சு."

அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னடா சத்தத்தையே காணோம்?"

"சந்தோஷத்துல பேச்சு வரலண்ணே" என்றான்.

மனைவிக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போனில் அண்ணன் போட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டிருந்தது. அப்பவே சொன்னேனே என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு புகைக்குழாயைப் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் அந்த அம்மா கூப்பிட்டார். கோபமில்லை, கோபப்பட்டிருந்தாலாவது சமாதானம் சொல்லியிருக்கலாம். நீங்கள் ஒயர் போட்டதே இல்லை என்றீர்கள், உங்கள் பழைய முதலாளி வேறு சொல்கிறார், எது உண்மை என்று நிதானமாகக் கேட்டார்.

அவனுக்குப் பத்து நிமிஷம் தேவைப்படவில்லை. பத்து விநாடி போதுமாக இருந்தது. பதினோரு வருஷத்துச் சோற்றை ஒரு பக்கமும் மிச்சமிருந்த பதினாலு நாளை மறுபக்கமும் வைத்துப் பார்த்தான்.

"அவர் வயசானவர்" என்றான். "என் மேல இருக்கிற பாசத்துல கதை விடுவார். அதெல்லாம் பொய்."

அந்த அம்மா சொன்னார். முன்பு போட்டிருக்கிறேன், இப்போது விட்டுவிட்டேன் என்று அன்றைக்கே நீங்கள் சொல்லியிருந்தால் எழுதிக்கொண்டு மேலே போயிருப்பேன். வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். என் விரல்களும் ஒயர் போட்டுப் போனவைதான். இப்போதோ, பொய் சொல்கிறவர் என்று நீங்களே சொல்கிற ஒருவரை உங்களுக்குச் சாட்சியாகக் கொடுத்திருக்கிறீர்கள். நான் யாரை நம்புவது?

அவர் உங்களுக்கு நல்லது நடக்கட்டும் என்று சொல்லிப் போனை வைத்தார். மனதாரத்தான் சொன்னார்.

அன்று மத்தியானம் கட்டடத்து லிப்டுக்கு ஆள் வந்தார். இவன் படியில் நின்று பார்த்தான். வந்தவர் சுவிட்சை அணைத்து, பூட்டைப் போட்டு, தன் படத்தைத் தொங்கவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, அப்புறம் கதவருகே போனார். இரண்டரை மணி நேரம் பிடித்தது. பூட்டு சரியாக விழவில்லை, அதுதான் கோளாறு. இவன் சரியாகவே கணித்திருந்தான், ஆனால் கேட்க ஆளில்லை.

சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டார்.

"என்னடா, கிடைச்சுதா?"

மனைவி எதிரே வந்து நின்றாள். சொல்லிடுங்க என்று கண்ணால் சொன்னாள். சொல்லத்தான் வாயெடுத்தான். ஏன் கிடைக்கவில்லை என்று அடுத்ததாகக் கேட்பார். உங்க வாயாலதான்ணே போச்சு என்று சொல்ல வேண்டும். நான் உங்களைப் பொய்யர்னு சொன்னேண்ணே என்பதையும் சொல்ல வேண்டும். அந்த மனுஷன் அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

"கிடைச்சிடுச்சுண்ணே. எல்லாம் உங்க புண்ணியம்."

"எனக்குத் தெரியும்டா!" அண்ணன் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கடைக்குள் கத்தினார். "டேய், நம்ம பத்து நிமிஷத்துக்கு வேலை கிடைச்சிடுச்சுடா!" கடையில் யாரோ விசிலடித்தார்கள். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

அண்ணன் திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"ஒண்ணு கேக்கணும்டா தம்பி. ரெண்டு மாசமா ஒரு மெக்கானிக் வந்து வந்து கேட்டுட்டுப் போறான். கல்யாணமானவன், நல்ல கை. நீ திரும்பி வந்துட்டா எங்க நிப்பன்னுதான் அவனை இழுத்தடிச்சேன். ரெண்டு பேருக்கு வேலை குடுக்கற அளவுக்கு இந்தக் கடை தாங்காது, உனக்குத் தெரியும். இப்ப உனக்கு அங்கயே அமைஞ்சு போச்சு. அவனை நாளைக்கு வரச் சொல்லிடட்டுமா? உன் பையையும் அவனுக்கே குடுத்துடட்டுமா? நீ உன் வாயால சொல்லு. நீ சொல்லாம அதை ஆணியிலேர்ந்து எடுக்க மாட்டேன்."

மனைவி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள், வேகமாக, மறுபடி மறுபடி. சுவருக்கு அந்தப் பக்கம் லிப்ட் மேலே வரும் சத்தம் கேட்டது. ஏழாவது மாடியில் நின்று, கதவு திறந்து, யாரும் ஏறாமல் மூடிக்கொண்டது.

"குடுத்துடுங்கண்ணே" என்றான்.

"மனசாரத்தானே சொல்ற?"

"மனசாரத்தான்ணே. முன்னாடி ஜிப்புல அந்தச் செவப்பு ஒயர் இருக்கும். அதை மட்டும் எடுத்துட்டுக் குடுங்க."

"ஏன்டா? அதுதானே உன் ராசி ஒயரு! அவனுக்கும் ராசியா இருந்துட்டுப் போகட்டுமே."

"வேணாம்ணே" என்றான். "அதைத் தூக்கிப் போட்டுடுங்க."