டாங்கிக்கு எத்தனை கண்

"அம்மா நாளைக்குக் காலமை பஸ்ஸில வாறாவாம். பல்லுக் கட்டத்தான். எப்பிடியும் ஒரு கிழமை நிப்பா."

செந்தூரன் குசினி வாசலில் நின்றுதான் இதைச் சொன்னான். கஜனி அடுப்பில் கொதித்த குழம்பை விட்டுவிட்டு நேரே வேலை அறையைத் திரும்பிப் பார்த்தாள். அவனும் பார்த்தான்.

அந்த அறையில், மேசைமேல், ஒரு டாங்கி நின்றது. பெரிய சாமான் ஒன்றுமில்லை, பீரங்கிக் குழலையும் சேர்த்து ஒரு சாணுக்குச் சற்றுக் கூட வரும். ஜேர்மன்காரர் இன்றைக்கும் ஓட்டுகிற யுத்த டாங்கியை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, பிளாஸ்ரிக்கில் துண்டு துண்டாக வார்த்துப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். அதை வெட்டி, அராவி, ஒட்டி, நிறம் தீட்டி எழுப்புவது கஜனியின் பொழுதுபோக்கு. ஊரில் மற்றப் பெண்கள் நாடகம் பார்க்கிறார்கள், பூக்கன்று வைக்கிறார்கள், இவள் டாங்கி கட்டுகிறாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வெளிநாட்டில் இருக்கிற சித்தப்பா முதலில் ஒரு விமானம் அனுப்பினார், பிறகு ஒரு கப்பல், பிறகு இது. பெட்டியைத் திறந்தவளுக்கு மூட மனம் வரவில்லை. பிடித்துப்போனால் பிடித்துப்போனதுதானே.

கையும் அதற்கென்றே வாய்த்த கை. கிளிநொச்சியில் ஒரு தனியார் பல் வைத்தியரிடம் பொய்ப்பல் செய்கிற வேலை அவளுக்கு. பல்லைத் தேய்க்கிற ஊசிமுனைக் கருவியால் டாங்கியின் இரும்பு ஒட்டுக்களைக் கீறினாள். தேயிலை வடியின் வலையை வெட்டி இயந்திரத்தின் காற்றுத் துவாரத்துக்குப் போட்டாள். பழுதான இயர்போன் வயரை உரித்து, செப்புக் கம்பியை முறுக்கி, இழுவைக் கயிறு செய்தாள். உள்ளே இருப்பவர்கள் வெளியே பார்க்கிற சின்னஞ்சிறு கண்ணாடிகளுக்கு, இனிப்புச் சுற்றி வருகிற மினுங்கும் ரொபித் தாள். கடைசியில் வீட்டு வாசல் படலையடிச் செம்புழுதியை மெல்லிய துணியில் அரித்து, பசையோடு குழைத்து, சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டியில் சேறாக அப்பினாள். முன்தினம் பின்னேரம்தான் அப்பியது. இன்னும் காயவில்லை, தொட்டால் பட்டி கையோடு வந்துவிடும்.

"எங்கயாவது தூக்கி வை," என்றான் செந்தூரன்.

"தூக்கேலாது. ஈரமாக் கிடக்கு. பெட்டியால மூடி விடுறன்."

"அம்மா கண்டா என்ன நடக்கும் எண்டு உனக்குத் தெரியும்தானே, கஜனி."

தெரியும். கலியாணத்துக்கு முன்னமே சொல்லியிருந்தான். யுத்தத்தின் கடைசி மாதங்களில் தாயும் தகப்பனும் பன்னிரண்டு வயதுச் செந்தூரனுமாக மறைப்பில்லாத ஒரு வெட்டவெளியைக் கடந்தபோது, எதிரே நின்ற டாங்கி அடித்ததில் தகப்பன் கதிர்காமநாதன் அந்த இடத்திலேயே போனார். அதன்பிறகு தாய் இரஞ்சிதத்துக்கு முன்னால் அந்தச் சொல்லையே யாரும் எடுப்பதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிச் செய்தியில் ஏதோ ஒரு நாட்டு டாங்கி ஓடியதைப் பார்த்துவிட்டு வந்து படுத்தவர், கஞ்சிகூடக் குடிக்காமல் கிடந்து, ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றித்தான் எழும்பினார். அப்படிப்பட்டவருக்கு மருமகளின் மேசையில் ஒன்று, அதுவும் சேறு பூசி, இப்போதுதான் வயலுக்குள்ளால் வந்தது போல.

பேக்கரியில் பணிஸ் வாங்கி வந்த ஒரு பழைய அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து மூடினாள். அறைக் கதவுக்குப் பூட்டு இல்லை. கொளுக்கியை மட்டும் போட்டாள். போட்டுவிட்டு வந்து, திரும்பவும் போய்ப் போட்டிருக்கிறதா என்று பார்த்தாள்.

துணுக்காயிலிருந்து வந்து இறங்கிய இரஞ்சிதம் நல்ல மனிசி. அதுதான் கஜனியை இன்னும் வாட்டியது. பொல்லாத மாமியாராக இருந்திருந்தால் பாதிப் பயம் குறைந்திருக்கும். மேல்வாயில் பல் ஒன்றுமில்லாமல், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறவர். வந்த கையோடு பையிலிருந்து மோர்மிளகாயும் பயறும் எடுத்து வைத்துவிட்டு, மருமகளின் தலையைத் தடவினார். கஜனிக்குக் குற்றவுணர்வில் முகம் கறுத்துப்போயிற்று.

அன்றே வேலையிடத்துக்குக் கூட்டிப்போய் வாயில் பசை வைத்து அச்செடுத்தாள். அடுத்தடுத்த நாட்களில் அவளுக்கு வேலை ஓடவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருவாள். மாமி குசினியில் இருந்தால் ஒரு நிம்மதி மூச்சு, முற்றத்தில் இருந்தால் இன்னொரு மூச்சு. செந்தூரன் தகரக் கடையில் வேலைக்கு நின்றபடி போன் எடுப்பான். "எல்லாம் சரியோ?" என்று மட்டும் கேட்பான். என்ன எல்லாம் என்று சொல்ல மாட்டான்.

ஒருநாள் மாமி கூட்டும்போது ஒரு கறுத்த துண்டைப் பொறுக்கி எடுத்து வந்தார்.

"பிள்ளை, உது பல்லுக்கு உள்ளுக்குப் போடுறதோ?"

சங்கிலிப் பட்டியின் ஒரு கண்ணி. கஜனி கையை நீட்டினாள்.

"ஓம் மாமி. அது... அது ஒரு சாமான்."

"எறியாமக் கொண்டந்தது நல்லதாப் போச்சு," என்று அதை அவள் உள்ளங்கையில் பத்திரமாக வைத்துவிட்டுப் போனார். கஜனி சுவரோடு சாய்ந்து நின்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பிழை அவளே விட்டதுதான். மாமியின் வாய் அச்சில் வார்த்த சாந்துக் கட்டியில் மெழுகு வைத்துப் பல் அடுக்கியிருந்தாள். மிச்சத்தை வீட்டில் செய்வோம் என்று கொண்டுவந்து அறைக்குள் வைத்தாள். வைத்ததோடு நின்றிருக்கலாம். சந்தோசத்தில், "மாமி, உங்கட பல்லு முத்து மாதிரி வருது," என்று சாப்பாட்டு நேரத்தில் வாயை விட்டாள். பல்லில்லாமல் வருடக்கணக்காக வாய்பொத்திய ஒருத்தியிடம் இப்படிச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனால் என்ன நடக்கும்? ஸ்கூட்டி சந்தியைத் தாண்டிய பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. வைத்தியர் அவசர வேலையொன்று வைத்துக்கொண்டு காத்திருந்தார், திரும்ப முடியவில்லை. பின்னேரம் விட்டதும் பறந்து வந்தாள்.

கொளுக்கி கழன்றிருந்தது.

இரஞ்சிதம் கதிரையில் இருந்தார். பணிஸ் பெட்டி நிலத்தில் கிடந்தது. மேசையில் ஒரு பக்கம் சாந்துக் கட்டியில் அவருடைய பல், மறுபக்கம் டாங்கி. அவர் பல்லைப் பார்க்கவில்லை.

"மாமி!" கஜனி வாசலிலிருந்து ஓடிவந்தாள். "மாமி, எழும்புங்கோ. வாங்கோ வெளியில. நான் இதை எறிஞ்சுவிடுறன், இப்பவே எறியிறன்."

"நீயோ செய்தனி?"

"ஓம்."

"என்ன வடிவாச் செய்திருக்கிறாய்," என்றார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அதுதான் கஜனியைப் பயப்படுத்தியது. படுத்துவிடப் போகிறா, இன்றைக்கு இரவே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வரும் என்று மனம் அடித்துக்கொண்டது.

"கஜனி, ஒண்டு கேக்கட்டே?"

"கேளுங்கோ மாமி."

"இதுக்குள்ள இருக்கிறவனுக்கு வெளியில தெரியுமோ? எதால பாப்பான்?"

கஜனி விரலால் காட்டினாள். முன்னுக்குச் சாரதியின் கண்ணாடி, ரொபித் தாள் மினுங்கியது. "இது ஓட்டுறவருக்கு."

"கிட்ட நிக்கிற ஆக்களைத் தெரியுமோ? இந்த வீட்டில இருந்து அந்த வாய்க்கால் தூரம்தான் இருக்கும். பகல். வெள்ளை வேட்டியைக் கிழிச்சுத் தடியில கட்டி நான்தான் பிடிச்சுக்கொண்டு வந்தனான். அவன் கண்டிருப்பானோ?"

கஜனிக்குத் தெரியும். எத்தனை மாதம் அந்தக் கண்ணாடிகளோடு குந்தியிருந்தவள். படம் படமாகப் பார்த்து, எது எந்தப் பக்கம் பார்க்கும் என்று அறிந்துதான் ஒட்டினாள். தெரிந்ததைச் சொன்னால் இந்த மனிசி உடைந்துபோகும். கண்டுகொண்டுதான் அடித்தான் என்று எந்த வாயால் சொல்வது? காணவில்லை என்றால் ஏதோ விதி, ஏதோ தவறு என்று ஆறிக்கொள்ளலாம்.

"காண மாட்டான், மாமி," என்றாள். "உள்ளுக்க இருந்தா ஒண்டும் வடிவாத் தெரியாது. சின்னக் கண்ணாடி, புகை, புழுதி. அவன் கண்டிருக்க மாட்டான்."

இரஞ்சிதம் தலையை மெதுவாக ஆட்டினார். பிறகு வலது கையை மூடி, தடியைப் பிடிப்பது போல நெஞ்சுக்கு நேரே உயர்த்தினார்.

"இவ்வளவுக்குத்தான் பிடிச்சனான் பிள்ளை. தலைக்கு மேல கையை எடுக்கப் பயமாக் கிடந்தது, வெடி வந்துகொண்டிருந்தது. அப்ப சரி. நான் உயத்திப் பிடிச்சிருந்தா அவன் கண்டிருப்பான். அந்த மனிசன் இருந்திருப்பார்."

ஆறுதல் என்று நினைத்துக் கொடுத்ததை அந்த மனிசி எடுத்துத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டது.

"இல்லை. மாமி, இல்லை." அவள் நிலத்தில் முழங்காலில் இருந்துவிட்டாள். "நான் பொய் சொல்லிப்போட்டன். இஞ்ச பாருங்கோ." டாங்கியின் மேல்மூடியைச் சுற்றி வளையமாக நின்ற கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். "ஓட்டுறவருக்குத்தான் பார்வை மட்டு. மேல ஒருவர் இருப்பார், அவர்தான் பொறுப்பு. அவருக்குச் சுத்திவர இருக்கு. தூரத்தைக் கிட்டவாக் காட்டுற கண்ணாடியும் இருக்கு. இது புது ரகம், அங்க நிண்டது பழசு. ஆனாப் பழசிலயும் மேல இருக்கிறவருக்கு இது இருக்கு. வாய்க்கால் தூரம், பகல். நீங்கள் இடுப்புக்குப் பிடிச்சிருந்தாலும் கண்டிருப்பார். உங்கட முகமே தெரிஞ்சிருக்கும்."

"உண்மையாவோ?"

"உண்மையா மாமி. அந்த நேரம் அங்க ஆர் பாத்தது, பாக்கேல்லை எண்டு எனக்குத் தெரியாது. ஆனா உங்கட கை பதிஞ்சதால தெரியாமப் போகேல்லை. அது நிச்சயம்."

இரஞ்சிதமும் விரல் நுனியால் அந்தக் கண்ணாடிகளைத் தொட்டுப் பார்த்தார். கஜனி அழுதுகொண்டிருந்தாள், அவர் அழவில்லை.

"ஆர் மாமி உங்களுக்கு உயத்திப் பிடிக்கேல்லை எண்டு சொன்னது?"

பதில் வருமுன் படலையில் மோட்டார் சைக்கிள் நின்றது. செந்தூரன் உள்ளே வந்தான், திறந்த கதவைக் கண்டான், மேசையைக் கண்டான். அவனுக்குக் கண் சிவந்துவிட்டது.

"உனக்குச் சொன்னனான் எல்லே! எத்தினை தரம் சொன்னனான்! அம்மாவைச் சாக்கொல்லத்தான் வேணுமோ உனக்கு? அம்மா, வாங்கோ, எழும்புங்கோ."

"அவளை ஏசாதை, தம்பி," என்றார் இரஞ்சிதம். "இஞ்ச வந்து பார். மேல இருக்கிறவனுக்குச் சுத்திவரத் தெரியுமாம். நான் பிடிச்ச உயரமே போதுமாம்."

செந்தூரனின் கை தாயின் தோளில் அப்படியே நின்றது. முகத்தில் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவன் ஒன்றும் விளங்காதவன் போல நிற்கவில்லை என்பதைக் கஜனி கண்டாள். அப்போதுதான் அவளுக்கும் விளங்கியது. தாய்க்கு முன்னால் அந்தச் சொல்லை எடுக்கக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டு வைத்திருந்தவன் இவன்தான்.

"அப்பா போனபிறகு, முகாமில வைச்சு நான்தான் கேட்டனான்," என்றான், யாருக்கோ சொல்வது போல. "ஏனம்மா வடிவா உயத்திப் பிடிக்கேல்லை எண்டு." தாயின் காலடியில் குந்தினான். "அம்மா, நான் அப்ப சின்னப் பெடியன்."

"ஓம் ராசா," என்றார் தாய். "நீ சின்னப் பெடியன் எண்டுதான் நானும் இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லிக்கொண்டு இருந்தனான்."