தடவைக்கு அரை இஞ்ச்

அன்று என் அறையில் மூன்று பேர் இருந்தோம். மேசைக்கு இந்தப் பக்கம், தட்டச்சு இயந்திரத்தின் முன்னால், நான். அந்தப் பக்கம் கை வைத்த நாற்காலியில் தையல்கடைக்காரர். அவருடைய தங்கை சுவரோரப் பெஞ்சில், கதவை ஒட்டிய நுனியில், எந்த நேரமும் எழுந்துவிடப் போகிறவளைப் போல உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரத்துக்கு முன் முதல் மனுவை எழுதியபோதும் இதே மூவர், இதே இடங்கள். யார் யார் இருந்தார்கள் என்று குறித்து வைப்பது என் வழக்கம். பிறருக்காகக் கடிதம் எழுதுகிறவனுக்குப் பின்னால் அது உதவும். இந்த முறை அது என் தவறுக்கே சாட்சியாகிவிட்டது.

மனு, புதிதாகத் தொடங்கிய ஓர் ஆடை நிறுவனத்துக்கு. துணி வெட்டும் பிரிவுக்கு மேற்பார்வையாளர் வேண்டும், தங்க அறையும் தருவோம் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். கணவன் இறந்த பிறகு நான்கு வருடமாக அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, அண்ணன் கடையிலேயே துணி வெட்டிக்கொண்டிருந்தவளுக்கு வேலையைவிட அந்த அறைதான் பெரிதாகத் தெரிந்தது. படிவம் ஆங்கிலத்தில். பெயர், வயது, அனுபவம் வரை ஒழுங்காகத்தான் போனது. கடைசிக் கேள்வியில் நின்றுவிட்டோம். 'ஹவ் ஹங்க்ரி ஆர் யூ?' எவ்வளவு பசியாக இருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள் என்றேன்.

"என் வீட்ல இருக்கறவளப் பாத்து எவன்யா இப்படிக் கேக்கறான்?" என்று அண்ணன் நாற்காலிக் கையைத் தட்டினார். "மூணு வேளையும் வயிறாரச் சாப்பிடறேன்னு எழுதுங்க சார்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் தன் விரல்நுனிகளைப் பார்த்துக்கொண்டு, "அப்படியே எழுதுங்க சார்" என்றாள். எனக்குப் பசியே இல்லை, அண்ணன் தயவில் மூன்று வேளையும் நிறைவாக உண்கிறேன் என்று இலக்கணப் பிழையில்லாமல் எழுதி அனுப்பினேன்.

பதில் இரண்டே வரி. இன்னும் பசியுள்ள ஒருவரையே தேடுகிறோம். மாற்றி எழுத விரும்பினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதலாம்.

அதன் பிறகுதான் அகராதியைப் புரட்டினேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான். இரண்டாவது உண்டா என்று கேட்டவன் பெஞ்சு மேல் ஏறி நிற்க வேண்டும். அகராதியில் அந்தச் சொல் கால் பக்கத்துக்கு நீண்டிருந்தது. இருவரையும் வரவழைத்து ஒவ்வொன்றாக விளக்கினேன். ஆங்கிலத்தில் வயிற்றுக்கு மட்டும் பசிப்பதில்லை. பதவிக்குப் பசிக்கிறது, பாராட்டுக்குப் பசிக்கிறது, ஒரு செய்திக்குக்கூடப் பசிக்கிறது. பெட்ரோலை அதிகம் குடிக்கிற வண்டியையும் பசித்த வண்டி என்பார்கள். குதிரையையே தின்றுவிடுவேன் என்பார்கள்; அது மட்டும் வெறும் வயிற்றுப் பசி.

"குதிரையையா?" என்றார் அண்ணன். "சரிதான். அவங்க கேள்வி கேக்கற லட்சணம் இப்பப் புரியுது."

"தப்பு என்னுதுங்க. வேலை மேல எவ்வளவு வேகமா இருக்கீங்கன்னுதான் கேட்டிருக்காங்க. பசிக்குதுன்னு எழுதினாத்தான் எடுத்துப்பாங்க."

"நாளைக்கு நாலு பேர் படிச்சா? தங்கச்சிக்குச் சோறு போடாதவன்னு என் நெத்தியில எழுதி ஒட்டின மாதிரி ஆயிடும். வேற வார்த்தை போடுங்க சார். ஆர்வம், கீர்வம்னு."

போடலாம்தான். தாளைச் செருகிவிட்டேன்.

"வேணாம் சார்" என்றாள் தங்கை. "அவங்க கேட்ட வார்த்தையவே போடுங்க."

"எந்த அர்த்தத்துலம்மா?"

கடிதம் எழுதுகிறவனின் கேள்விதான் அது, வேறு நோக்கமில்லை.

"ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதானே சார்."

சொல்லிவிட்டு எழுந்து வந்து, அவர்கள் அனுப்பிய பதிலை மேசைமேல் வைக்கக் கையை நீட்டினாள். அவளுடைய சட்டையின் பக்கத் தையல் அண்ணனின் கண்ணுக்கு நேரே வந்தது. கட்டம் போட்ட துணி. அதை வெட்டித் தைத்தவர் அவர்தான். தையலின் இரு புறமும் கட்டத்தோடு கட்டம் சேர்ந்து முழுச் சதுரமாக நிற்கும்படி பொருத்துவது அவர் பெருமை; என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார். இப்போது சட்டையை உள்ளே பிடித்துச் சிறிதாக்கியதில் தையலோரத்தில் ஒரு கட்டம்கூட முழுசாக இல்லை.

"இத எப்பப் பிடிச்ச?"

"மழைக்கு முன்னாடி ஒரு தடவ. போன மாசம் ஒரு தடவ."

"எவ்வளவு?"

"ரெண்டு பக்கமும் அரை அரை இஞ்ச்."

"மொத்தமாவா?"

"தடவைக்கு."

அவர் அந்தத் தையலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்க அண்ணி..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பிறகு, "நீதானே எப்பப் பாத்தாலும் போதும் போதும்ப" என்றார்.

"ஆமாண்ணா. நான்தான் சொல்வேன்."

தெருவில் ஒரு வண்டி கிளம்ப மறுத்து மறுத்துக் கடைசியில் கிளம்பிப் போனது.

"அடிங்க சார்" என்றார் அண்ணன். "அவ சொன்ன மாதிரியே."

'ஐ ஆம் வெரி ஹங்க்ரி' என்று அடித்து முற்றுப்புள்ளி வைத்தேன். அதற்குக் கீழே, கட்டத் துணியையும் கோடு போட்ட துணியையும் வீணாக்காமல் வெட்டத் தெரியும் என்று ஒரு வரி சேர்த்தேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.

என்னிடம் இருப்பது வீட்டில் காய்ச்சிய கோதுமை மாவுப் பசை. கிண்ணத்தை நான் எடுப்பதற்குள் அண்ணன் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். விரலால் தொட்டு, உறையின் மடிப்பில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பிசகாமல் தடவி, மடித்து, நெடுநேரம் அழுத்திப் பிடித்திருந்துவிட்டுத் தங்கையிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

கை துடைக்கத் துணி கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. விரலில் காய்ந்துகொண்டிருந்த மாவைக் கட்டைவிரலால் உருட்டியபடியே கதவருகில் நின்றார். எதிர்ப்பக்கம் அவள் கடிதத்தைத் தபால் பெட்டிக்குள் விட்டாள். பிறகு, அது உள்ளே விழுந்த சத்தம் கேட்டதா என்று சந்தேகப்பட்டவள்போல, குனிந்து பெட்டியின் வாயில் காதை வைத்தாள்.