அறுபத்தோராவது நாள்

வனவிலங்கு அலுவலகத்தின் அனுமதிப் பிரிவில் ஜன்னலோர மேஜை பெரியவளுடையது. வீட்டுக்கு மூத்த மருமகள் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் அவள் பெரியவள், ஆபீசில் மேடம். ஏரிக்கரையில் மாடு மேய்க்க வேண்டுமா, கோரை அறுக்க வேண்டுமா, பறவைகளைப் படம் எடுக்க வேண்டுமா, பொது நிலத்தில் ஒரு குச்சி நடுவதென்றால்கூடக் காகிதம் அவள் கையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். பதினான்கு வருஷத்தில் ஒரு ஃபைலும் அவள் மேஜையில் ஒரு வாரத்துக்கு மேல் தங்கியதில்லை. அப்படிப்பட்டவள் ஒரு விண்ணப்பத்தை அறுபது நாள் அமுக்கி வைத்தாள் என்றால் காரணம் ஒன்றுதான். வயிற்றெரிச்சல். இதில் சுற்றி வளைக்க என்ன இருக்கிறது.

அந்த எரிச்சல் மாடியில் குடியிருந்தது. கொழுந்தனின் மனைவி, இவளுக்கு ஓரகத்தி, வீட்டாருக்குச் சின்னவள். வந்து நாலு வருஷம்தான் ஆகிறது, அதற்குள் வீடே அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. மாமியாரைப் பதினோரு வருஷமாக மாதம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், வரிசையில் நின்று, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால் எது பின்னால் என்று டப்பா மேல் எழுதி ஒட்டியது பெரியவள். சின்னவள் ஒரு நாள் கடைக்குப் போன இடத்தில் ஒரு கைத்தடி வாங்கி வந்தாள், அடியில் ரப்பர் வைத்தது. அவ்வளவுதான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மாமியார் அந்தத் தடியைத் தூக்கிக் காட்டி, "என் சின்ன மருமக வாங்கிக் குடுத்தா, தங்கம்" என்றாள். மாத்திரை டப்பாவை யாராவது தூக்கிக் காட்டுவார்களா?

இதைக்கூடப் பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போனாள். பொறுக்க முடியாமல் போனது கணவர் விஷயத்தில். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்த மாதிரி சந்தேகமெல்லாம் அவளுக்கு இல்லை. அவர் ஆற்றில் இருபது வருஷம் பயணிகள் படகு ஓட்டியவர். பாலம் திறந்த மறுவாரமே படகுத்துறையை மூடிவிட்டார்கள். எட்டு மாதமாக வீட்டில் இருக்கிறார். ஒழுகாத குழாயைக் கழற்றி மாட்டுவார். சத்தம் போடாத கதவுக்கு எண்ணெய் விடுவார். கேட்டால், "சும்மாதானே இருக்கேன்" என்பார். இந்த மனுஷனுக்குத் தண்ணீர் மேல் ஒரு வேலை கிடைத்துவிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று பெரியவள் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதையே நினைத்தாள். எட்டு மாதமாக அவர் சிரித்து அவள் பார்க்கவில்லை. ஆனால் மாடிக்குப் போனால் சிரித்தார். கீழே சமையலறையில் நின்றுகொண்டு அந்தச் சிரிப்பைக் கேட்டால் எப்படி இருக்கும்? மிளகாய் நறுக்கின கையால் கண்ணைத் தேய்த்த மாதிரி இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தபோது சின்னவள் விஷயத்தைச் சொன்னாள்.

"அக்கா, பறவை ஏரியில துடுப்புப் படகு விட அனுமதி கேட்டு எழுதிப் போட்டிருக்கேன். பறவை பார்க்க வர்றவங்களுக்காக. உங்க டேபிளுக்குத்தான் வரும். நான் வேற ஒண்ணும் சொல்லப் போறதில்ல, நீங்களே பாருங்க."

சொல்லிவிட்டுப் பெரியவளின் கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

"புத்தியைப் பார்த்தியா இவளுக்கு" என்றாள் மாமியார்.

பெரியவள் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டாள். நீங்களே பாருங்களாமே. என் ஆபீசில், என் மேஜைக்கு, என் மூக்குக்கு நேரே கொண்டுவந்து நீட்டப் போகிறாளாம். படகு ஓட்டின மனுஷன் இங்கே பக்கத்தில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறார், துடுப்பை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத இவளுக்குப் படகு. அதையும் கேட்டுக்கொண்டு இவர் சிரிக்கிறார். தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவினாள்.

நாலாம் நாள் விண்ணப்பம் வந்தது. மேல் பக்கத்தில் சின்னவளின் பெயர், முத்து முத்தான கையெழுத்தில். அதைப் பார்த்ததுமே பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தைத் திருப்பக்கூட மனசு வரவில்லை.

சொந்தக்காரர் விண்ணப்பம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? 'இவர் எனக்கு உறவு' என்று ஒரு வரி எழுதிப் பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிட வேண்டும். புதிதாக வந்த இரண்டு பேருக்கு அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஆனால் பக்கத்து மேஜைக்காரர் வேகமான ஆள். பத்து நாளில் ஏரியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதிவிடுவார். பன்னிரண்டாம் நாள் மாமியார் அந்த அனுமதிக் காகிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டிவிடுவாள். பெரியவள் கீழ் டிராயரை இழுத்தாள். பழைய எல்லை வரைபடங்களுக்கு அடியில் விண்ணப்பத்தைச் செருகினாள். கிடக்கட்டும். எத்தனை நாளைக்குச் சிரிக்கிறார்கள் பார்ப்போம்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு புது வழக்கம் ஆரம்பித்தது. அவள் செருப்பைக் கழற்றும்போதே கணவர் வந்து நிற்பார்.

"இன்னைக்கு ஆபீஸ்ல ஏதாவது விசேஷமா?"

"ஆபீஸ்ல என்ன விசேஷம். ஃபைலும் தூசியும்தான்."

"இல்ல, சும்மா கேட்டேன்."

கேட்டுவிட்டு அவள் முகத்தையே ஒரு நிமிஷம் பார்ப்பார். அப்புறம் மாடிக்குப் போவார். பெரியவளுக்கு உள்ளே கொதிக்கும். எட்டு மாதமாக நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்காதவர், ஓரகத்திக்குத் தூது வந்து நிற்கிறார் பாருங்கள். மொட்டைமாடியில் இரண்டு பேரும் மரத்தை இழைக்கிற சத்தம் கேட்கும், வார்னிஷ் வாசனை கீழே வரைக்கும் வரும். அவள் ஜன்னலைச் சாத்திவிடுவாள். சின்னவளும் ஒரு வார்த்தை கேட்டாளில்லை. படியில் எதிரே வந்தால் ஒரு புன்னகை, அவ்வளவுதான். நெஞ்சழுத்தக்காரி என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள்.

நாற்பதாம் நாள் அவளுக்கே என்னமோ போல் இருந்தது. என்ன இருந்தாலும் ஆபீஸ் காகிதம், இப்படிச் செய்தது இல்லையே. டிராயரை இழுத்து, வரைபடங்களைத் தள்ளி, விண்ணப்பத்தை எடுத்து மேஜை மேல் வைத்தாள். திறக்கப்போன நேரத்தில் போன் அடித்தது. மாமியார்.

"இன்னைக்குச் சின்னவ கூட்டிட்டுப் போனா என்னை. நர்ஸம்மாகிட்ட ரெண்டு வார்த்தை பேசினா பாரு, வரிசையே இல்லாம உள்ள விட்டுட்டாங்க. நீயும் இருக்கியே, மணிக்கணக்கா நிப்ப."

"சரிங்க அத்தை" என்று போனை வைத்தாள் பெரியவள். விண்ணப்பம் மறுபடி அடிக்குப் போனது.

இதற்கு நடுவே ஒரு சுற்றறிக்கையும் வந்து போனது. ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தது. பியூன் நீட்டினார், அவள் எல்லாவற்றிலும் 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். சுற்றறிக்கையை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர் அந்த ஆபீசில் யாரும் கிடையாது. அவளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

அறுபத்தோராவது நாள் காலையில் மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வந்துவிட்டார்கள். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு ஆய்வு அதிகாரி அம்மாள், கையில் ஒரு பட்டியல். பின்னாலேயே கண்காணிப்பாளர், முகத்தில் ஈயாடவில்லை.

"இந்தப் பிரிவுல ஒண்ணே ஒண்ணுதான் நிலுவை" என்றார் அதிகாரி அம்மாள். "ஏரிப் படகு விண்ணப்பம். எங்க அது?"

பெரியவள் குனிந்தாள். டிராயரைத் திறந்து, வரைபடங்களைத் தூக்கி, எடுத்துக் கொடுத்தாள்.

"இதுக்கு அனுமதி போயாச்சு, தெரியுமாம்மா?"

"நான் அனுப்பலையே மேடம்."

"நீங்க அனுப்ப வேண்டாம். அறுபது நாளைக்குள்ள நாம பதில் சொல்லலன்னா குடுத்ததா அர்த்தம். புது விதி. நேத்தோட அறுபது முடிஞ்சுது, காலையில கம்ப்யூட்டரே அனுப்பிடுச்சு. சுற்றறிக்கையில உங்க கையெழுத்து இருக்கே."

பெரியவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தடுக்கப் போனவள் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்திருக்கிறாள். சின்னவளுக்கு மச்சம்தான்.

அதிகாரி அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார். "ஆனா இந்த ரெண்டாவது ஆள் பாவம். இப்படித் தானா போற அனுமதி முதல் பேருக்கு மட்டும்தான். கூட இருக்கிறவரை நேர்ல விசாரிச்சு நாம கையெழுத்துப் போட்டாத்தான் சேரும். இனிமே பேர் சேர்க்கறதுன்னா அடுத்த வருஷம்தான். படகு ஓட்ட நம்ம படகோட்டிகள் பட்டியல்லேர்ந்து வேற ஆளைத்தான் அனுப்பணும்."

"எந்த ரெண்டாவது ஆள்?"

அம்மாள் காகிதத்தைத் திருப்பி வைத்தார். இரண்டாம் பக்கம். கூட்டு விண்ணப்பதாரர், படகு ஓட்டுநர். அதற்கு எதிரே நீல மையில், கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்த கையெழுத்து. பதினைந்து வருஷமாக அவள் பார்த்துவரும் கையெழுத்து. பக்கத்தில் ஒட்டியிருந்த சின்ன போட்டோவில் அவள் கணவர், முடியைப் படிய வாரி, கழுத்துவரை பட்டன் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் முதல் பக்கத்தையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள்.

கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்தார். நல்ல மனுஷர், ஆபீசுக்குக் கெட்ட பேர் வராமலிருந்தால் சரி என்கிற ஆள். "உங்க வீட்டுக்காரர் பேர் இருக்கே இதுல. அதான் தொடாம வச்சிட்டீங்களா? சொந்த ஃபைல்ல கை வைக்கக் கூடாதுன்னு?"

பெரியவள் வாயைத் திறந்தாள். தலை மட்டும் ஆடியது, ஆமாம் என்று.

"நல்ல எண்ணம்தான், முறைதான் தப்பு" என்றார் அதிகாரி அம்மாள். "ஒரு வரி எழுதிப் பக்கத்து டேபிளுக்குக் குடுத்திருக்கலாம். உங்க வீட்டுக்காரருக்குத்தான் நஷ்டம்." பட்டியலில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நீங்களே பாருங்க என்றது. தட்டைப் பார்த்துச் சிரித்தது. செருப்பைக் கழற்றும்போது வந்து நின்றது. அவர் பேர் இருப்பது எனக்குத் தெரியும், நியாயத்துக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருக்கிறார்கள். நிறுத்தம் வந்ததுகூடத் தெரியவில்லை, நடத்துநர் சொல்லித்தான் இறங்கினாள்.

வாசலிலேயே சின்னவள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"மெசேஜ் வந்துடுச்சு அக்கா. மாமா பேரு இல்ல. ஆபீஸ்க்குப் போன் போட்டுக் கேட்டேன், சொந்த ஃபைல்னு நீங்க தொடவே இல்லன்னு கண்காணிப்பாளர் சொன்னார். எனக்கு வருத்தம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா உங்களை மாதிரி என்னால இருக்க முடியாது அக்கா."

உள்ளேயிருந்து மாமியார் கைத்தடியை ஊன்றி எழுந்து வந்தாள். ரப்பர் தரையில் டொக் டொக்கென்றது. பெரியவளை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் சின்னவள் பக்கம் திரும்பினாள்.

"பெரியவளைப் பார்த்துக் கத்துக்கோ" என்றாள்.

இந்த ஒரு பேச்சுக்காகப் பெரியவள் எத்தனை வருஷம் காத்திருந்தாள் தெரியுமா? கனவில்கூடக் கேட்டிருக்கிறாள். இப்போது கேட்டபோது காது கூசியது. கொல்லைப்பக்கம் போனாள்.

அங்கே கணவர் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் இரண்டு துடுப்புகள், புது வார்னிஷில் பளபளவென்று இருந்தன. கைப்பிடியில் பழைய படகிலிருந்து கழற்றி வந்த தோலைச் சுற்றியிருந்தார். இரண்டையும் சாக்கில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் பட்டியல்லேர்ந்து ஒருத்தர் வருவாராம்" என்றார். "அவர்கிட்ட குடுத்துடலாம். நல்லா வந்திருக்கு, வீணாக்கக் கூடாது." அவள் நிற்பதைப் பார்த்து, "நீ செஞ்சது சரிதான். நான்தான் பைத்தியக்காரன் மாதிரி தினமும் உன் மூஞ்சியைப் பார்த்துட்டு நின்னேன்" என்றார்.

"நான் அதைத் திறந்துகூடப் பார்க்கலங்க" என்றாள் பெரியவள். "அவ பேரைப் பார்த்தேன். வயித்தெரிச்சல்ல அடியில போட்டுட்டேன். உங்க பேர் இருக்கறது எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

அவர் கை அப்படியே நின்றது. பிறகு கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். மெதுவாக, படகைத் துறையில் கட்டுகிற மாதிரி இரட்டை முடிச்சு.

"இதைச் சின்னவகிட்ட சொல்லாத" என்றார்.

அப்போதுகூட அவளுக்குச் சுருக்கென்றது. "ஏன், அவ மனசு நோகும்னா?"

"அதில்ல. 'அக்கா முகத்துல சிரிப்பே இல்ல மாமா, நீங்க மறுபடி படகுல ஏறினா அவங்க சிரிப்பாங்க'ன்னு சொல்லித்தான் அவ இதை ஆரம்பிச்சா. உன்னைப் பத்தி அவ்வளவு பெரிசா நினைச்சிட்டிருக்கா. அது அப்படியே இருக்கட்டும்."

துடுப்புகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் உள்ளே போனார். மாடியில் சின்னவள் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். "எங்க அக்கா சொந்தப் புருஷனுக்குன்னாலும் வளைஞ்சு குடுக்க மாட்டாங்க, அப்படி ஒரு மனுஷி" என்று சொல்வது கொல்லை வரைக்கும் கேட்டது. அவள் சொல்கிற அந்த அக்காவை நினைத்தபோது பெரியவளுக்குப் பொறாமையாக இருந்தது.