பதினைந்தில் ஒரு பங்கு

"மருந்து மாத்திரை ஏதாவது குடுத்தீங்களாம்மா?" என்று டாக்டர் அன்பரசு கேட்டபோது மலர்க்கொடி மேஜைமேல் துவண்டு கிடந்த பூனையின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்லைங்க சார்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பக்கத்தில் நின்ற அருள்மொழி, "சிஸ்டரம்மா முப்பது வருஷம் குழந்தைங்க வார்டு நர்ஸு சார். அவுங்களுக்குத் தெரியாதா?" என்று சாட்சி வேறு சொன்னாள்.

அருள்மொழி ஆராய்ச்சிப் படிப்புக்காக அண்ணாமலை நகரில் மலர்க்கொடியின் மாடியில் குடியிருக்கிறவள். கடலூரில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று, மிளகு என்கிற இந்தப் பூனையை ஒரு வாரத்துக்கு இவளிடம் விட்டுப் போயிருந்தாள். திங்கட்கிழமை மதிலிலிருந்து குதித்த மிளகு முன்னங்காலை நொண்டியது. யாரையாவது கேட்டிருக்கலாம், போன் கையில்தான் இருந்தது. ஆனால் வார்டில் சின்ன டாக்டர்களே இவளிடம் அளவைக் கேட்டு மருந்து எழுதிய காலம் உண்டு. மலர்க்கொடி ரிட்டயர் ஆனாலும் அந்தத் தலைக்கனம் ரிட்டயர் ஆகவில்லை. தன் மூட்டுவலிக்கு எழுதிக் கொடுத்திருந்த டைக்ளோஃபினாக்கை எடுத்தாள். பூனையோடு ஒரு தடவை, இறக்கிவிட்டு ஒரு தடவை எடை மெஷினில் ஏறினாள். தான் அறுபது கிலோ, பூனை நாலு. மாத்திரையைப் பொடித்துப் பதினைந்து மில்லி தண்ணீரில் கரைத்து, ஒரே ஒரு மில்லியை ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சிக் கடைவாயில் விட்டாள். காலை எட்டு, இரவு எட்டு, மூன்று நாள். நொண்டல் நின்றதும் தன்னையே மெச்சிக்கொண்டாள். நாலாம் நாள் பூனை வாந்தி எடுத்தது, மீனைத் தொடவில்லை, அது ஒண்ணுக்குப் போகிற மணல்தட்டில் ஈரமே இல்லை. அருள்மொழிக்குப் போன் செய்துவிட்டு, கூடையோடு கடலூர் பஸ் ஏறினாள். உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஆலப்பாக்கம் தாண்டும்வரை நினைத்துக்கொண்டு வந்தாள்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டர், "கிட்னி பலமா அடிபட்டிருக்கு. விஷம் ஏதோ உள்ள போயிருக்கு" என்றார்.

அவ்வளவுதான், அருள்மொழி போனை எடுத்துவிட்டாள். எதிர்முனையில் பக்கத்து வீட்டுச் சடையப்பன். "எலிமருந்து எங்க வெச்சீங்க? செடியக் கிளறுதுன்னு ஒரு வாயில்லா ஜீவனக் கொல்லுவீங்களா?" என்று அழுகையும் ஆத்திரமுமாகக் கத்திவிட்டு வைத்தாள். கத்திரிப் பாத்தியைக் கிளறுகிறது என்று சடையப்பன் தினமும் திட்டுவது தெருவுக்கே தெரியும். திட்டிவிட்டுக் கருவாட்டுத் தலையைப் போடுவதும் அவர்தான். அதைப் பார்த்தவள் மலர்க்கொடி ஒருத்திதான்.

டாக்டர் அலமாரியைத் திறந்தார். "எலிமருந்துக்கு ஊசி போட்டுப் பாப்போம்."

"அது வேணாம் சார்." மலர்க்கொடி, டியூட்டி மாற்றும்போது அடுத்த நர்ஸிடம் ஒப்பிப்பதுபோல மருந்தின் பெயர், அளவு, வேளை எல்லாம் சொன்னாள். குரல் பிசிறவில்லை. ஆனால் இத்தனை வயதில், மகள் வயதுப் பெண் முன்னால், ஒரு பூனையின் உயிரைவிடத் தன் பெயர் பெரிதாகிவிட்டதே என்று உள்ளுக்குள் செத்துப்போனாள்.

"பூனையக் குட்டி மனுஷன்னு நெனச்சிட்டீங்களேம்மா. இந்த மருந்த வெளியேத்துற சக்தி அது ஈரலுக்குக் கம்மி. எடைக்கணக்கெல்லாம் செல்லாது. துளியே ஜாஸ்தி." அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"பொழைக்குமா சார்?"

"ரெண்டு நாள் டிரிப்ஸ் போவட்டும். சிறுநீர் பிரிஞ்சா பாக்கலாம்."

முன்னங்காலில் ஊசி ஏறி, டிரிப்ஸ் சொட்டத் தொடங்கிய பிறகு அருள்மொழி மலர்க்கொடியின் பக்கம் திரும்பினாள்.

"குடுத்தத உடுங்க. கேட்டப்ப ஏன் இல்லேன்னீங்க?"

மலர்க்கொடி குனிந்து, பூனையின் காலில் ஊசியை ஒட்டியிருந்த பிளாஸ்திரியை அழுத்திவிட்டாள்.

அருள்மொழியின் போன் அடித்தது. திரையில் சடையப்பன் பெயர். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். கிழவருக்கு மூச்சு வாங்கியது.

"அம்மாடி, நான் எலிமருந்தே வாங்குறதில்லம்மா. ஆனாலும் மனசு கேக்கல, பாத்தி பூரா கத்திரிச்செடியப் புடுங்கிப் போட்டுத் தேடிட்டேன். ஒண்ணும் ஆப்படல. புள்ள எப்பிடிம்மா இருக்குது?"

அருள்மொழி போனை மலர்க்கொடியின் பக்கம் நீட்டினாள்.

மலர்க்கொடி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மேலே டிரிப்ஸ் ஒரு சொட்டு விழுந்தது, இன்னொரு சொட்டு விழுந்தது.

"ஹலோ, கேக்குதாம்மா?" என்றார் சடையப்பன்.